கைநாட்டுக்காரர் ஒருவரின் வரலாறு

கல்வெட்டும் செப்பேடும் வேந்தர்க்கும் வள்ளல்களுக்கும் உரியவை. மண்ணுக்கடியில் இறங்கிப் பாறை உடைத்து வாழ்ந்த எளியோர்க்கு அவை இல்லை. ஆயினும் அவர்களைப் பற்றிய ஏடுகள் அறவே இல்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. பரண்மேல் கிடக்கும் தகரப் பெட்டியைத் திறந்து பார்ப்பின், நிலப் பத்திரமும் மணியார்டர் கூப்பனும் கணக்கு நோட்டும் அங்கே நமக்காகக் காத்திருக்கக் காணலாம். அவற்றை நாள் பிசகாமல் அடுக்கிப் படிப்பதற்குத் தலைநகரில் நாம் பார்த்துவரும் குமாஸ்தா உத்தியோகமும் ஒருவகையில் கைகொடுத்தது.

எம் கொள்ளுப்பாட்டனார் குடியாத்தம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சென்றவர். அவ்வயலை 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் கைக்கொண்டனர். மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கங்கள் பெருகின. 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்திற்கு இருப்புப்பாதை வந்தது. வடஆர்க்காட்டு ஏழைகள், அவருள்ளும் ஆதிதிராவிட மக்கள், சோலையார்பேட்டை வழியே ரயிலேறிச் சென்று அங்கே குடியேறினர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரமும் வந்தது. பெங்களூர்த் தெருக்களில் விளக்கெரிந்ததற்கு மூன்றாண்டு முன்னர்! ஆனால் அது வந்தது எந்திரங்களுக்கே. மூங்கில் தட்டியால் வேய்ந்த தொழிலாளர் குடிசைகளுக்கு அன்று.

எம் வீட்டுப் பெட்டியில் உள்ளவை மூன்று வகை. ஊரிலிருந்த தம் தந்தையார்க்கு அவர் அனுப்பிய பணத்தின் மணியார்டர் கூப்பன்கள் ஒரு கம்பியில் கோத்துக் கிடக்கின்றன. குடும்பக் கணக்கு நோட்டு ஒன்று உண்டு. நிலப் பத்திரங்கள் இரண்டு. கூப்பன்களில் உள்ள செய்தி பெரும்பாலும் ஒரே வரிதான்: சுகம், பணம் பெற்றுக்கொள்ளவும். அவ்வரியையும் மூன்று வெவ்வேறு கையெழுத்துகளில் காண்கிறோம். எழுதத் தெரிந்த அண்டை வீட்டார் எழுதிக் கொடுத்தவை அவை. கொள்ளுப்பாட்டனார் கைநாட்டுக்காரர்.

எழுத்தறியாதவர் என்பதால் உலகறியாதவர் என்று கொள்ளல் பிழை. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் தங்கவயல் வரை சென்றது. பண்டிதரின் பௌத்த சங்கம் அங்கே கிளைவிட்டது. ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் வழக்கம் நிலவிய காலம் அது.

கணக்கு நோட்டில் ஆங்கில ஆண்டு எங்குமே இல்லை; அட்சய, பிரமோதூத, பவ என்று தமிழ் ஆண்டுப் பெயர்களே உள்ளன. இப்பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவன ஆதலின், எந்தச் சுற்று என்று துணிதல் வேண்டும். அத்துணிவைத் தந்தது பத்திரத்தின் முத்திரைத்தாள். அதில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை உள்ளது. எனவே அட்சய ஆண்டுத் தை மாதம் அறுபது சென்ட் புன்செய் வாங்கியது 1927-இன் தொடக்கம் எனத் தெளியலாம். அப்பத்திரம் அவரைத் 'தங்கவயலில் கூலி ஜீவனம்' என்று குறிக்கிறது. பாறை உடைத்த கூலியில் மண் வாங்கியவர்!

இனி, இரண்டாம் பத்திரத்திற்கு வருவோம். பிரமோதூத ஆண்டு வைகாசியில், அதாவது 1930-இல், அந்நிலத்தையே அவர் அறுபது ரூபாய்க்கு அடமானம் வைத்திருக்கிறார். வட்டி மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய். மூன்றாண்டு அரும்பாடுபட்டு வாங்கிய நிலத்தை ஏன் ஈடு வைத்தார்? மகள் திருமணம் என்று நாமும் முதலில் எண்ணினோம். கணக்கு நோட்டோ அத்திருமணம் ஸ்ரீமுக ஆண்டில், 1933-இல், நடந்ததெனக் காட்டுகிறது. கூப்பன்களை நாள்வாரியாக அடுக்கியபோது வேறொன்று புலனாயிற்று. மாதந்தவறாது வந்த பணம் 1930 ஏப்ரலில் நின்று ஆடி மாதத்தில்தான் மீண்டும் தொடங்குகிறது.

அந்த ஏப்ரலில் தங்கவயலில் நிகழ்ந்தது யாது? தொழிலாளர் ஒவ்வொருவரும் விரல்ரேகை பதித்துப் பெயர்ப்பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சுரங்க நிர்வாகம் கட்டளையிட்டது. பல்லாயிரவர் வேலையை நிறுத்தினர். வலுவான தொழிற்சங்கம் ஏதும் அமையாத நாளில், ஏறத்தாழ மூன்று வாரம் அவ்வேலைநிறுத்தம் நீடித்தது.

விரல்ரேகைக்கா இத்தனை எதிர்ப்பு என்று இன்றைய இளைஞர் வியக்கக்கூடும். அன்று அதற்கிருந்த பொருள் வேறு. உலகின் முதல் விரல்ரேகைக் காப்பகம் 1897-இல் கல்கத்தாவில் அமைந்தது, குற்றவாளிகளைப் பிடிப்பதற்காகவே. குற்றப் பரம்பரைச் சட்டத்தைத் தமிழ்மக்கள் 'ரேகைச் சட்டம்' என்றே வழங்கினர். உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-இல் அச்சட்டத்தை எதிர்த்து நின்றோர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். தங்கவயலிலோ சுரங்கம் விட்டு ஏறுவோரைத் தங்கத் திருட்டுக்கு அஞ்சிச் சோதனையிடுவது முன்னமே வழக்கமாயிருந்தது. அதன்மேல் ரேகையும் என்றால், திருடாதவனையும் திருடர் வரிசையில் நிறுத்துவதாகவே அவர்கள் கருதினர். எம் அத்தைப்பாட்டி இதனைச் சுருக்கமாகச் சொல்லுவார்: "ரேகை வச்சா திருடன்னு ஒத்துக்கிட்ட மாதிரின்னு எங்கப்பா சொல்லும்." அவர் வாயில் அது 'ரேகை வருஷம்'. பிரமோதூத என்ற பெயர் அவர்க்குத் தெரியாது.

கூலியிழப்பும், வேலைநிறுத்தம் முடிந்தபின் வந்த கடன் நெருக்கடியுமே நிலத்தை ஈடு வைக்கச் செய்தன என்பது எம் துணிபு. ஆண்டும் மாதமும் கூப்பன் இடைவெளியும் அத்தைப்பாட்டியின் சொல்லும் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. கூலிக்காரர் பட்டியலில் அவர் பெயர் இருந்ததா என்பதைவிட, எம் வீட்டு ஏட்டிலேயே இவ்வளவு இருந்தது என்பதே எமக்கு வியப்பளித்தது.

இன்னொன்றையும் கூற வேண்டும். எழுத்தறியாதவர் பத்திரத்தில் கையெழுத்திடும் முறை யாது? இடக்கைப் பெருவிரல் ரேகைதான். கம்பெனிக்குத் தர மறுத்த அதே ரேகையைச் சில வாரங்களில் சார்பதிவாளர் முன் தாமே முன்வந்து பதித்திருக்கிறார். இதில் முரண் உண்டென்று நமக்குத் தோன்றவில்லை. ஒன்று தன் நிலத்திற்கு உடையவன் என்று சொல்லும் ரேகை. மற்றது தன் உடலுக்கே பிறரை உடையவராக்கும் ரேகை. கரிய மையில் பதிந்த அப்பெருவிரலின் குறுக்கே ஒரு தழும்பு வெள்ளைக் கோடாக ஓடுகிறது.

அடமானம் நான்காண்டு கழித்துப் பவ ஆண்டில் தீர்ந்தது. பத்திரத்தின் பின்புறம் 'அசலும் வட்டியும் பைசல்' என்ற குறிப்பின்கீழ்ச் சாட்சியாகத் தெளிந்த தமிழில் கையெழுத்திட்டிருப்பவர் அவர் மகன், எம் பாட்டனார். கடன்பட்ட அந்நாளிலும் மகனின் பள்ளிப் படிப்பை அவர் நிறுத்தவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பாட்டனாரும் சுரங்கத்திற்கே சென்றார். ஆனால் மேலே, கணக்கெழுதும் வேலைக்கு. அவருக்குப்பின் எம் தந்தையாரும் அங்கேயே பணிபுரிந்தார். 1956-இல் மைசூர் அரசும் பின்னர் மத்திய அரசும் ஏற்று, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற நிறுவனமாகிய அச்சுரங்கம், 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது.

கொள்ளுப்பாட்டனார் கடைசிக் காலத்தில் ஊருக்கே திரும்பிவிட்டார். சித்திரபானு ஆண்டில், 1942-இல், அவர் மறைவைப் பாட்டனார் கணக்கு நோட்டில் எழுதியிருக்கிறார். காரணமாக ஒரே சொல், 'இருமல்'. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய்க்கு அன்று குடும்ப ஏட்டில் இருந்த பெயர் அவ்வளவே. அதற்கடுத்த வரியில், அறுபது சென்ட் புன்செயில் அவ்வாண்டு விளைந்த கேழ்வரகின் கணக்கு தொடங்குகிறது.