சிறுதேருக்கு ஓர் இடம்

குழந்தையின் விளையாட்டுப் பொருளை எங்கே வைப்பது என்பது, வீட்டுப் பெண்டிர் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய அற்பக் காரியம் என்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. வீட்டில் எப்பொருளுக்கு எவ்விடம், அதைத் தொடும் உரிமை யாருக்கு, சிதறியதை எடுத்து வைக்கும் கடமை யாருக்கு என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கண்டால், அவ்வீட்டின் நீதி முழுவதும் விளங்கிவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழரின் வீட்டு வரலாற்றை இந்நோக்கோடு ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பழந்தமிழர் விளையாட்டை இழிவாகக் கருதினாரல்லர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் ஓர் அரிய காட்சி உண்டு. முற்றத்தில் உலரும் உணவைக் கொத்த வந்த கோழியின்மேல் மகளிர் தம் கனத்த காதணியை எறிகின்றனர். சிறுவர் குதிரையின்றி உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை அவ்வணி மறித்துக் கிடக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வச் சிறப்புக்கு இதைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். நாம் காண்பது வேறொன்று. ஈண்டு வழியில் சிதறிக் கிடப்பது குழந்தையின் பொருளன்று, பெரியவர்களின் பொருளே!

பிற்காலத்துப் பிள்ளைத்தமிழோ, ஆண்பாற் பருவங்கள் பத்தனுள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் மூன்றை விளையாட்டுக்கே ஒதுக்கியது. ஆயினும் சிற்றிற் பருவத்தின் பொருள் யாது? சிறுமியர் மணலில் வீடு கட்டுவர்; பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் அதைக் காலால் அழிக்க வருவான்; அழியாதே என்று அவர்கள் இறைஞ்சுவர். சிதைப்பது ஆணுக்கு அழகு, மீண்டும் ஒழுங்கு செய்வது பெண்ணின் தலைவிதி என்னும் பாடம் மணல் வீட்டிலேயே தொடங்கிவிட்டது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

இத்தகைய இலக்கியத்துக்கு உரிய மக்களே கங்காணியின் சொல்லை நம்பிக் கடல் கடந்து மலாயாவின் தோட்டங்களுக்கு வந்தனர். 1877-ஆம் ஆண்டில் 22 நாற்றுகளாகச் சிங்கப்பூரில் வந்திறங்கிய ரப்பர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளான் சுற்றுப்புறமெங்கும் பரவியது. அங்குத் தொழிலாளிக்குக் கிடைத்த வீடு லயம். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவுள்ள ஓர் அறை, முன்னே ஓர் அஞ்சடி, அவ்வளவே. அதற்குள் தாய் தந்தையர், மக்கள், சில வேளை ஊரிலிருந்து வந்த உறவினர், அடுப்புப் புகை, துணி தொங்கும் கொடி, ஒரு தகரப் பெட்டி. குடும்பத்தின் உடைமை முழுவதும் அப்பெட்டியில் அடங்கும். அதன் சாவி தந்தையின் இடுப்பிலோ தாயின் முந்தானை முடிச்சிலோ இருக்கும்.

விடியுமுன் பிரட்டுக்குச் செல்லும் தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வாள். நடக்கத் தெரிந்த பிள்ளைகளோ வெடித்துச் சிதறிய ரப்பர்க் கொட்டைகளைப் பொறுக்கி ஆடுவர். காலியான பால் டின் அவர்களுக்குச் சிறுதேர். மாலையில் அவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்தால், குப்பையை வெளியே எறி என்பதே வரவேற்பு. பெற்றோரைக் குறை கூற நாம் இதை எழுதவில்லை. நால்வர் காலை நீட்டிப் படுக்க இடமில்லாத அறையில் கொட்டைக்கும் டின்னுக்கும் இடம் ஏது? அறையை அளந்து கொடுத்த முதலாளியின் அளவுகோலே குழந்தையின் செல்வத்தைக் குப்பையாக்கிற்று.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட ஓரினப் பிள்ளைகள் 10 பேர் வாழும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. ஏட்டளவில் நல்ல விதிதான். ஆனால் அப்பள்ளியில் பயிலும் பிள்ளை தன் சிலேட்டை வைக்க வீட்டில் ஒரு மாடம் உண்டா என்று கேட்பாரில்லை.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் முதலியோரும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் அவர்களுக்குத் துணை நின்றனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்னும் இழிவையும் ஒழிக்கக் கேட்டனர். அரசாங்கம் படையை அனுப்பியது. நாதன் நாடு கடத்தப்பட்டார். சைக்கிள் இரண்டு சக்கரமுள்ள ஒரு பொருள்தான். ஆயினும் தன் பொருளின்மீது தான் நிமிர்ந்து அமரும் உரிமை மானத்தைச் சேர்ந்தது என்பதை அத்தொழிலாளர் அறிந்திருந்தனர். மூன்று சக்கரச் சிறுதேருக்கு உடைய பிள்ளைக்கு மட்டும் அம்மானம் இல்லையோ?

நகரத்தின் நிலையையும் பார்ப்போம். செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியர்க்கென வரிசை வீடுகள் எழுந்தன. மாதச் சம்பளம் வாங்கும் குடும்பங்களில் தகரப் பெட்டியின் இடத்தைக் கண்ணாடி அலமாரி பிடித்தது. விலை கொடுத்து வாங்கிய பொம்மை அதனுள் ஏறியது. விருந்தினர் காணலாம், குழந்தை தொடலாகாது! வறுமையில் இடமின்றி வெளியே எறியப்பட்ட பொருள், வசதி வந்தபின் பூட்டுக்குள் போயிற்று. இரண்டிலும் குழந்தைக்கு மிஞ்சியது ஏக்கமே.

இப்பூட்டைத் திறந்த வரலாறு ரோமாபுரியில் நிகழ்ந்தது. அங்குச் சான் லோரென்சோ என்னும் தொழிலாளர் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பாதுகாப்பாரின்றித் திரிந்த பிள்ளைகளுக்காக 1907 ஜனவரியில் மரியா மாண்டிசோரி ஓர் இல்லம் தொடங்கினார். முதலில் ஆசிரியையே பூட்டிய அலமாரியிலிருந்து பொருள்களை எடுத்து வழங்கிவந்தார். ஒரு நாள் அலமாரி பூட்டப்படாதிருந்தது. ஆசிரியையும் காலந்தாழ்த்து வந்தார். அதற்குள் பிள்ளைகள் தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்து வேலையில் ஈடுபட்டிருந்தனர். ஆசிரியை இதனைத் திருட்டுப் புத்தி என்றார். மாண்டிசோரியோ தேர்ந்தெடுக்கும் அறிவு என்று கண்டு, பிள்ளைகளின் கைக்கெட்டும் தாழ்ந்த, திறந்த அலமாரிகளை அமைத்தார். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கம் அங்கு அடியின்றி, அதட்டலின்றி வளர்ந்தது. 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர் பலருக்குப் பயிற்சி தந்தார். அவர் முறை தமிழகத்துப் பள்ளிகளில் நுழைந்தது. வீடுகளில் நுழைந்ததா என்பதே நம் கேள்வி.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல நகரமாகிவிட்டன. லயத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் 650 சதுர அடி அளவுள்ள அடுக்குமாடி வீடுகளில் வளர்கின்றனர். பொருளுக்குப் பஞ்சமில்லை, பிறந்தநாள்தோறும் பிளாஸ்டிக் பொம்மைகள் குவிகின்றன. இரவில் அக்குவியலை வாரி மூலையில் தள்ளுபவர் யார்? தாய்; தாய் ஓய்ந்தால் மகள். மகன் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கிறான். சிற்றிற் பருவம் இன்னும் முடியவில்லை!

குழந்தைக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை கூறுகிறது. மலேசியா அதனை 1995-இல் ஏற்றது. அரசு ஏற்றதை வீடு ஏற்க அதிகச் செலவில்லை. நான்கு செங்கல்லும் ஒரு பலகையும் போதும். பிள்ளையின் மார்பளவுக்கு மேற்படாத ஒரு தட்டு அமைந்துவிடும். சில பொருள்களை மட்டும் அதில் வைத்து, மற்றவற்றை எடுத்து வைத்து முறைமாற்றித் தரலாம். சிறு துண்டுகளுக்கு ரொட்டி டின். புத்தகப் பைக்குப் பிள்ளையின் கையெட்டும் உயரத்தில் ஓர் ஆணி. பூட்டு, மருந்துக்கும் கத்திக்கும் இருக்கட்டும். உடைந்ததை எறியுமுன் உடையவனைக் கேளுங்கள். எல்லாவற்றினும் முக்கியமாக, அண்ணன் பரப்பியதைத் தங்கை அடுக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். பரப்பிய கையே அடுக்கட்டும்.

பிள்ளை உடைத்துவிடுவான், அவனுக்கு ஒழுங்கு தெரியாது என்பர் சிலர். தொழிலாளிக்கு உரிமை தந்தால் தோட்டம் கெடும் என்று துரைமாரும் சொன்னார்கள். தனக்கென ஓரிடம் பெறாதவன் ஒழுங்கை எங்கே கற்பான்? 10 அடி அறையில் நம் பாட்டன்மார்க்குக் கிடைக்காத அவ்விடத்தை நம் மக்களுக்கு அளிக்க இன்று எந்தத் துரையின் அனுமதியும் நமக்கு வேண்டியதில்லை.