பதில் வராத கடிதம்: மின்னஞ்சலுக்கும் ஒரு ‘நற்பெயர்’ உண்டு

டிக்கோயாவில் வசிக்கும் தாயொருவருக்காக நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு மூன்று வாரங்களாகப் பதில் வரவில்லை. 1983 கலவரத்தின் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குச் சென்ற குடும்பம் அவருடையது. 2009இல் மகன் காணாமல் ஆக்கப்பட்ட பின்னர், திரும்பி வந்து உறவினர் லயத்தில் தங்கியிருக்கிறார். மகனின் விபரங்களை மனித உரிமை அமைப்பொன்றுக்கு அனுப்பியிருந்தேன். “தம்பி, அவங்க பார்த்தாங்களா?” என்று காணும்போதெல்லாம் கேட்பார்.

தொலைபேசியில் விசாரித்தேன். கடிதம் ஸ்பாம் பெட்டியில் கிடந்தது. ஜிமெயிலில் என்றால் அப்பெட்டியில் உள்ளவை 30 நாட்களில் தாமாகவே அழிந்துவிடும்.

காரணத்தைத் தேடினேன். எனது இணையத்தளமும் மின்னஞ்சலும் பலர் பகிரும் மலிவான சேர்வரில் இயங்குகின்றன. அதன் ஐ.பி. முகவரி கறுப்புப் பட்டியலொன்றில் இருந்தது. நான் குப்பை அஞ்சல் அனுப்பியதில்லை. ஆனால் அதே முகவரியை வேறு பலரும் பயன்படுத்துகிறார்கள்.

இத்தகைய பட்டியல்கள் 1997இல் போல் விக்ஸி முதலானோரின் மேப்ஸ் முயற்சியுடன் பரவலாயின. ஸ்பாம்ஹோஸ் 1998இல் தொடங்கியது. கடிதம் வந்ததும், பெறும் சேர்வர் அனுப்பியவரின் ஐ.பி. முகவரி பட்டியலில் உண்டா என்று டி.என்.எஸ். வழியாகக் கேட்கும். ‘உண்டு’ எனப் பதில் வந்தால் சில சேர்வர்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்பும். சில ஸ்பாம் பெட்டியில் போடும். முடிவெடுப்பது பட்டியலை நம்பும் சேர்வரே.

பட்டியலில் சேர்க்கப்பட்ட நிறுவனங்கள் வழக்குத் தொடுத்ததும் உண்டு. 2006இல் அமெரிக்க நீதிமன்றமொன்று ஸ்பாம்ஹோஸ் சுமார் 1 கோடியே 17 லட்சம் டொலர் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. மேன்முறையீடுகளின் பின் 2011இல் அது 3 டொலரானது.

இப்பட்டியல்கள் இல்லாவிட்டால் நமது பெட்டிகள் குப்பையால் நிரம்பிவிடும். ஆயினும் முகவரியைப் பார்த்தே சந்தேகிக்கப்படுவது எப்படியிருக்கும் என்பது நமக்குத் தெரியும். எனவே பட்டியலை ஒரு சாட்சியாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ளக்கூடாது. சேர்த்ததற்கான காரணத்தைச் சொல்லி, நீக்கக் கோர வழியும் வைத்திருக்கும் பட்டியலையே நம்பலாம்.

நாம் செய்யக்கூடியவை: திரும்பி வரும் கடிதத்திலுள்ள காரணத்தை வாசியுங்கள், பட்டியலின் பெயர் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். சேர்வர் வழங்குநரிடம் சொல்லி நீக்கக் கோருங்கள். சொந்த டொமைன் இருந்தால் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகளைச் செய்யுங்கள், 2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் இவற்றில் ஒன்றையாவது எல்லா அனுப்புநரிடமும் எதிர்பார்க்கின்றன. முக்கிய ஆவணமென்றால், கிடைத்ததா என்று தொலைபேசியில் கேளுங்கள்.

அந்தத் தாயின் கடிதத்தை வேறு முகவரியிலிருந்து மீண்டும் அனுப்பினேன். கிடைத்ததென அன்றே பதில் வந்தது. மகனைப் பற்றிய பதிலுக்கு அவர் இன்னும் காத்திருக்கிறார்.