வெள்ளிமலைக் கடுக்காயும் வெள்ளித் துகளும்



திருப்பூரில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போனில் கேட்டான்: "சார், செடிச்சாறு சேர்த்துச் செய்த நானோ வெள்ளி பூசிய துணியில் கிருமி வளராது, நாற்றம் வராது, முழுக்க இயற்கை என்கிறார்கள். நம்பலாமா?" இதற்கான பதிலைக் கல்வராயன் மலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வெள்ளிமலைப் பக்கம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கடுக்காய் பொறுக்கும் காலத்தில் வகுப்பில் பாதிப் பேர் இருக்க மாட்டீர்கள். பச்சைக் கடுக்காயை நறுக்கினால் அரிவாள் கறுத்துப்போகும். அதன் துவர்ப்பில் உள்ள டானின் இரும்போடு சேர்வதால் வரும் கறுப்பு அது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியதும் இதே வித்தைதான். கலம்காரித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் முதலில் ஊறவைப்பார்கள். சாயம் துணியைப் பிடித்துக்கொள்ள அது உதவும்.

இதே டானின் இன்று ஆய்வுக்கூடத்திலும் நுழைந்திருக்கிறது. வெள்ளி நைட்ரேட் கரைசலில் தாவரச் சாற்றை ஊற்றினால், சாற்றிலுள்ள பொருள்கள் வெள்ளி அயனிகளுக்கு எலக்ட்ரான் கொடுத்து அவற்றை வெள்ளி அணுக்களாக்கும். அணுக்கள் திரண்டு நுண்துகளாகும். கரைசல் பழுப்பாக மாறும். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்கு. இந்தத் துகள்கள் 100 நானோமீட்டருக்கும் சிறியவை. 2004இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தினர் வேப்பிலைச் சாற்றில் இதைச் செய்து காட்டினார்கள். 2012இல் நம் காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகத்தின் எடிசனும் சேதுராமனும் கடுக்காய்ச் சாற்றிலேயே செய்தார்கள். அவர்கள் சோதித்தது துணியை அல்ல. மெத்திலீன் நீலம் என்ற சாயத்தின் நிறத்தைப் போக்க அந்தத் துகள் உதவுமா என்பதை.

வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது புதிய செய்தி அல்ல. 1881லேயே ஜெர்மானிய மருத்துவர் கிரேடே, பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டுப் பார்வையிழப்பைத் தடுத்த முறையை வெளியிட்டார்.

அப்படியானால் எங்கே தயக்கம்? முதலாவது, செடி வெள்ளியைத் தருவதில்லை. வெள்ளி நைட்ரேட்டை விலைக்குத்தான் வாங்க வேண்டும். துகளாக்கச் சேர்க்கும் கடுமையான ரசாயனத்துக்குப் பதிலாகத்தான் கடுக்காய் வருகிறது. அது நல்ல மாற்றம். ஆனால் அதற்காகத் துணியையே "முழுக்க இயற்கை" என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது, சலவை. 2008இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் நானோ வெள்ளி சேர்த்த காலுறைகளை நீரில் அலசிப் பார்த்தார்கள். ஒரு சில வகைகள் நான்கு சலவைக்குள் கிட்டத்தட்ட எல்லா வெள்ளியையும் இழந்துவிட்டன. அந்தத் தண்ணீர் சாக்கடை வழியாக ஆற்றுக்குத்தான் போகும். அங்கே நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று வெள்ளி பிரித்துப் பார்க்காது.

துணியால் ஆறு என்ன ஆகும் என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நொய்யல் கெட்டு, 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிடும்வரை போனது. முதலிலேயே கழிவுநீரைப் பற்றிக் கேட்டிருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பித்திருக்கும்!

ஆகவே அவனிடம் மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னேன். இருபது முறை துவைத்த பிறகு துணியில் எவ்வளவு வெள்ளி மிஞ்சும்? துவைத்த நீர் எங்கே போகும்? கடுக்காய்க்குப் புதிய சந்தை வந்தால், மலையில் அதைப் பொறுக்குகிறவர் கைக்கு என்ன விலை போகும்?

மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் அவன் சற்று நேரம் பேசவில்லை. அவனுடைய அம்மாவும் கடுக்காய் பொறுக்கியவர்தான்.

துணித் தொழிலில் இருக்கும் பிள்ளைகள் உங்களுக்குத் தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். நானும் கற்றுக்கொள்கிறேன்.