அண்ணாதுரையின் உரைநடை: காஞ்சியில் தொடுத்த வழக்கு

காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பமொன்றில் 1909 செப்டம்பர் 15 அன்று பிறந்து, 1967-இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராகி, 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்த சி. என். அண்ணாதுரையை மக்கள் முதன்மையாகப் பேச்சாளராகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். அவருடைய கட்டுரைகளும் குறுநூல்களும் மேடைப் பேச்சின் மிச்சம் என்றும், அடுக்குமொழியைக் கழித்துவிட்டால் அவற்றில் அதிகம் தேறாது என்றும் ஒரு கருத்து நெடுநாளாக நிலவுகிறது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. அண்ணாவின் உரைநடைக்கு உயிர் கொடுப்பது வழக்காடும் திறன். எதிராளி மதிக்கும் நூலையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவது, எதிராளி ஒப்புக்கொண்ட கொள்கையையே கடைசிவரை நடத்திச் சென்று அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று காட்டுவது ஆகியவையே அவர் முறை. அடுக்குமொழி அதற்குத் துணைக்கு வந்தது.

ஐரிஷ் மண்ணில் இந்த முறைக்கு ஒரு முன்னோடி உண்டு. டப்ளினில் 1667-இல் பிறந்து, அங்கேயே புனித பேட்ரிக் பேராலயத்தின் தலைமைக் குருவாக இருந்த ஜோனதன் ஸ்விப்ட், 1724-இல் ஒரு துணிக்கடைக்காரர் எழுதுவதுபோல் சில கடிதங்களை வெளியிட்டார். வில்லியம் உட் என்ற ஆங்கிலேயர் உரிமம் பெற்று அயர்லாந்துக்கு அச்சடிக்கவிருந்த செப்புக் காசை யாரும் வாங்கக்கூடாது என்பது அவற்றின் வாதம். நான்காம் கடிதத்தை எழுதியவரைக் காட்டிக்கொடுப்பவருக்கு அரசு 300 பவுண்டு பரிசு அறிவித்தது. எழுதியது யார் என்று ஊருக்கே தெரிந்திருந்தும் ஒருவரும் முன்வரவில்லை. 1725-இல் உரிமம் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முன்பே, 1720-இல், ஐரிஷ் மக்கள் ஐரிஷ் துணியையே உடுத்த வேண்டும் என்று ஸ்விப்ட் எழுதிய சிறுநூலுக்காக அச்சகத்தார் மீது வழக்கு நடந்தது. அண்ணாவின் வாழ்விலும் கைத்தறி, குறுநூல், நீதிமன்றம் என்ற இதே மூன்றும் சேர்ந்து வருகின்றன. 1953-இல் தேங்கிக் கிடந்த கைத்தறித் துணியைத் திராவிட முன்னேற்றக் கழகத்தார் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றபோது அண்ணாவும் விற்றார். ஸ்விப்ட் துணி வணிகராக வேடம் பூண்டு எழுதினார். நெசவாளர் வீட்டில் பிறந்தவருக்கு அந்த வேடம் தேவைப்படவில்லை.

அண்ணாவின் எழுத்துக் களம் 1942 மார்ச்சில் காஞ்சிபுரத்திலிருந்து அவர் தொடங்கிய ‘திராவிட நாடு’ வார இதழ். அதற்கு முன் ஈரோட்டில் பெரியாரின் ‘குடி அரசு’, ‘விடுதலை’ ஏடுகளில் துணையாசிரியராக இருந்தார். 1934-இல் ‘ஆனந்த விகடன்’ அவருடைய ‘கொக்கரகோ’ என்ற சிறுகதையை வெளியிட்டிருந்தது. தன் இதழில் பரதன், சௌமியன், நக்கீரன், வீரன் எனப் பல புனைபெயர்களில் எழுதினார். 1951 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்தவர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். ஆகவே இதழ் வாங்கியவர் ஒருவர் என்றால் கேட்டவர் பலர். முடிதிருத்தும் கடையிலும் தேநீர்க் கடையிலும் படிப்பகத் திண்ணையிலும் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்டார்கள். அடுக்குமொழி பற்றிய குற்றச்சாட்டுக்கு முதல் விடை இதில் இருக்கிறது. கண்ணால் திரும்பப் படிக்க முடியாதவருக்கு மோனையும் எதுகையும்தான் வாதத்தின் படிகளை நினைவில் நிறுத்தித் தரும். ஆனாலும் 1940-களின் சில கட்டுரைகளில் ஒலி வாதத்தை முந்திக்கொண்டு ஓடுகிறது என்பதையும், ஒரே கருத்து நான்கு முறை உடை மாற்றி வருகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதே காலத்து ‘பணத்தோட்டம்’ அப்படிப்பட்டதல்ல. தென்னாட்டுத் தொழிலும் வணிகமும் யார் கையில் இருக்கின்றன என்ற ஒற்றைக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நகரும் அந்நூலில், பொருளியல் முதுகலை படித்தவரின் கை நன்றாகத் தெரியும்.

கேட்டவர்கள் எந்த உலகத்தைச் சேர்ந்தவர்கள் என்பதும் இங்கே முக்கியம். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத்தைத் தாண்டிச் செங்கல்பட்டு போகும் சாலையில், பாலாற்றங்கரையில் இருக்கிறது பழையசீவரம். மலைமேல் லட்சுமி நரசிம்மர் கோயில். எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில், திருமுக்கூடல். ஆண்டுதோறும் மாட்டுப்பொங்கலன்று காஞ்சி வரதராசப் பெருமாள் பார்வேட்டைக்கு இவ்வூருக்கு எழுந்தருளுகிறார். சுற்றுவட்டாரத்து உழவரும் நெசவாளரும் கூடும் நாள் அது. அண்ணாவின் இதழ் பொங்கல் மலர் வெளியிட்டதும் அதே வாரத்தில்தான். அர்ச்சனையும் புராணமும் திருவிழா வருணனையும் காதில் ஊறிய இந்த மக்களுக்கு எழுதியவர், தன் அங்கதத்துக்கு வேண்டிய வடிவங்களையும் அங்கிருந்தே எடுத்தார்.

இதற்குக் கூர்மையான சான்று ‘ஆரிய மாயை’. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஆபே துபுவா, பிராமணர்களின் வழக்கங்களைப் பற்றி எழுதி வைத்தார். அவர் சுமத்திய குறைகளை எடுத்து, கோயிலில் நாமம் சொல்லி முடிக்கும் போற்றி வரிகளைப்போல் அண்ணா அடுக்கினார். வடிவம் வழிபாடு, உள்ளடக்கம் குற்றப்பத்திரிகை. நாள்தோறும் போற்றி கேட்டுப் பழகிய காதுக்கு இந்தப் பொருத்தமின்மை உடனே உறைக்கும், விளக்கம் தேவையில்லை. அரசுக்கும் உறைத்தது. நூல் தடை செய்யப்பட்டது. 1950-இல் நீதிமன்றம் அபராதம் விதிக்க, அதைக் கட்ட மறுத்துத் திருச்சிச் சிறைக்குப் போனார். ஸ்விப்ட் பெயரை மறைத்துத் தப்பினார். அண்ணா பெயரைப் போட்டுத் தண்டனையை ஏற்றார்.

ஆரியர், திராவிடர் என்ற இனப் பிரிவை அந்நூல் எடுத்தாளும் விதம் இன்றைய வரலாற்றறிவுக்கு ஒவ்வாது, அடித்தளமே ஆட்டம் காணும்போது நூல் எப்படி நிற்கும் என்று கேட்பவர்கள் உண்டு. வலுவான ஆட்சேபம் இது. ஒரு சமூகம் முழுவதையும் ஒரே குணத்தால் அளப்பது எந்தக் காலத்திலும் நியாயமாகாது. அந்தப் பகுதிகளை நான் காக்க மாட்டேன். ஆனால் ஸ்விப்ட்டின் காசுக் கடிதங்களையும் இந்த இடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். உட்டின் காசு மட்டமானது என்பது அவருடைய வாதத்தின் ஒரு கால். நாணயச்சாலைத் தலைவராக இருந்த ஐசக் நியூட்டன் சோதித்து, காசு தரமானதே என்று அறிக்கை கொடுத்தார். அந்தக் கால் ஒடிந்தும் கடிதங்கள் விழவில்லை. ஒரு நாட்டு மக்களின் ஒப்புதல் இல்லாமல் அவர்கள் மீது காசைத் திணிக்க யாருக்கு உரிமை என்ற கேள்வி அவற்றைத் தாங்கிக்கொண்டது. ‘ஆரிய மாயை’யிலும் இனவியல் பகுதி உதிர்ந்த பிறகு, பிறப்பை வைத்து ஒருவரை வணங்கவும் இன்னொருவரைத் தள்ளிவைக்கவும் எந்த நூல் அதிகாரம் கொடுத்தது என்ற கேள்வி உதிராமல் நிற்கிறது.

‘கம்பரசம்’ மீதான ஆட்சேபம் வேறு வகை. கம்பராமாயணத்தின் சிருங்கார வருணனைகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டியது இலக்கியத் திறனாய்வாகாது என்பதில் ஐயமில்லை. அண்ணா அதைப் பக்தி நூலென்ற தகுதிக்கு எதிரான வழக்காகவே நடத்தினார், வெற்றி அந்த எல்லைக்குள் மட்டுமே. அதைவிட மேலானது 1943-இல் ரா. பி. சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியாரோடும் அவர் நடத்திய நேருக்கு நேர் வாதம். ‘தீ பரவட்டும்’ என்று நூலாக வந்த அந்தப் பேச்சுகளில் எதிர்த்தரப்புப் புலமைக்கு உரிய மரியாதை குறைவதில்லை.

‘நீதிதேவன் மயக்கம்’ என்ற நாடகத்தில் இந்த முறை முழுமை அடைகிறது. இராவணன் இரக்கமற்றவன் என்பது கம்பர் தரும் தீர்ப்பு. மேல்முறையீட்டில் இராவணன் அந்தச் சட்டத்தை மறுக்கவே இல்லை. இரக்கமின்மை குற்றம் என்றால் எல்லாருக்கும் குற்றம்தானே என்கிறான். ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்ட துரோணர், தாயை வெட்டிய பரசுராமர், அரிச்சந்திரனை வாட்டிய விசுவாமித்திரர், இறைவனுக்கு வைத்த நெல்லைத் தொட்டதற்காகச் சுற்றத்தாரைக் குழந்தை உட்பட வெட்டிய கோட்புலி என்று ஒவ்வொருவரையும் அவரவரைப் போற்றும் நூல்களைக் கொண்டே எழுப்புகிறான். புதிய சாட்சி ஒருவரும் இல்லை. நீதிதேவன் மயங்கி விழுவதற்குக் காரணம் சட்டத்தை மாற்றியதன்று, பாரபட்சமின்றிச் செலுத்தியதே. ‘ஓர் இரவு’ நாடகத்தைப் பார்த்துவிட்டுக் கல்கி அவரைப் பெர்னார்ட் ஷாவுடன் ஒப்பிட்டார். ஆனால் இந்த நாடகத்தின் தர்க்கம் ஷாவைவிட ஸ்விப்ட்டுக்கு நெருக்கமானது.

இருவரும் பிரியும் இடம் ‘செவ்வாழை’ சிறுகதையில் தெரிகிறது. 1729-இல் ஸ்விப்ட், ஏழைக் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்று ஒரு கணக்காளரின் அமைதியோடு முன்மொழிந்து, நிலக்கிழார்களின் பேராசையைக் காட்டினார். உழவன் செங்கோடன் தன் பிள்ளைகளுக்கென்று வளர்த்த செவ்வாழைக் குலையைப் பண்ணையார் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். பிறகு அதே பழத்தைக் கடையில் பார்க்கும் சிறுவனிடம் வாங்கக் காசில்லை. எஞ்சிய மரம் ஒரு பாடைக்குப் போகிறது. கதையில் பண்ணையார் கொடுமைக்காரராகக்கூட வரைந்து காட்டப்படவில்லை. அவர் கேட்டார், கணக்குப்பிள்ளை நினைவூட்டினார், குலை போயிற்று. உழைத்தவனுக்கு விளைச்சல் ஏன் இல்லை என்ற பொருளியல் கேள்வி ஒரு வாழைக்குலைக்குள் அடங்கிவிடுகிறது. ஸ்விப்ட் வாசகரை நடுங்க வைக்கிறார். அண்ணா வாசகரைச் செங்கோடன் குடிசைக்குள் உட்கார வைக்கிறார். பாலாற்றங்கரை உழவருக்குப் பின்னதே பயன்பட்டிருக்கும்.

1955 முதல் ‘திராவிட நாடு’ இதழிலும் பின்னர் ‘காஞ்சி’ இதழிலும் எழுதிய தம்பிக்குக் கடிதங்களில் அவர் உரைநடை நிதானம் பெறுகிறது; வாக்கியம் நீள்கிறது, மோனை தணிகிறது, மாற்றார் கூற்றை முழுதாகச் சொல்லிவிட்டே மறுப்பு வருகிறது. அன்றன்றைய அரசியலோடு அவை காலாவதியாகிவிட்டன என்போருக்கு 1963-ஐக் காட்டலாம். அரசியல் சட்டத்தின் 16-ஆவது திருத்தத்தை ஒட்டி அண்ணா திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டார். இருபது ஆண்டுகளாகத் தானே வாதாடிய வழக்கைத் தானே திரும்பப் பெறும்போது, பிரிவினைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றும் கோரிக்கையை மட்டுமே விடுகிறோம் என்றும் பிரித்துச் சொன்னார். முன்பு எதிராளிகளிடம் கேட்ட கணக்கைத் தன் தரப்பிடமே கேட்ட எழுத்து அது.

அண்ணாவின் நூல்கள் 1995-இல் நாட்டுடைமையாக்கப்பட்டு, இன்று பல பதிப்பகங்களில் மலிவாகக் கிடைக்கின்றன. வழக்காகப் படிக்க வேண்டிய எழுத்தில் எதிர்த்தரப்பு ஆவணங்களும் கூடவே இருக்க வேண்டும்: அவர் மறுத்த தலையங்கம், அவர் எடுத்தாண்ட துபுவாவின் பக்கம், கம்பரின் பாடல் முழுதாக, 1950-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வாசகம். இவற்றைக் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்து, தேதியும் இதழும் குறித்து வரும் ஆய்வுப் பதிப்புதான் அவரை மேடையிலிருந்து இறக்கி உரைநடை ஆசிரியராக மதிப்பிட உதவும்.