பத்து விழுக்காட்டு விதி

சூழல் மண்டலத்தில் ஓர் உணவூட்ட மட்டத்திலுள்ள ஆற்றலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அடுத்த மட்டத்தைச் சேர்கிறது என்னும் பொது மதிப்பீடு. அமெரிக்காவின் மினசோட்டாவிலுள்ள சீடர் பாக் ஏரியை ஆராய்ந்த ரேமண்ட் லிண்டெமனின் கட்டுரை இக்கருத்துக்கு அடித்தளமிட்டது. அவர் 26 வயதில் இறந்த சில மாதங்களில், 1942இல், அது அச்சேறியது. பெயர்தான் விதி, உண்மையான அளவு இடத்துக்கு இடம் மாறும்.

பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தண்ணீர் போதும். நெல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு என நால்வரை வரிசையாக நிறுத்தி, நெல்லிடம் 1,000 மில்லி கொடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் பத்தில் ஒரு பங்கை மட்டும் அடுத்தவருக்கு ஊற்றிவிட்டு, மீதியை ‘வெப்பம்’ என்று எழுதிய வாளியில் கொட்டுவர். பாம்புக்குக் கிடைப்பது 1 மில்லி, சுமார் இருபது சொட்டு. வயலில் பாம்புகள் ஏன் குறைவு என்பதற்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. வாளித் தண்ணீரைத் திரும்ப எடுக்க விடக்கூடாது: சுழல்வது ஊட்டச்சத்து, ஆற்றல் அன்று. (மீதியில் ஒரு பகுதி சாணமாகவும் சருகாகவும் மட்குண்ணிகளுக்குப் போவதைப் பெரிய வகுப்பில் சொல்லலாம்.) உணவுச் சங்கிலியை வரையும்போது பிள்ளைகள் அதிகம் தவறுவது அம்புக்குறியில், அது உண்ணப்படுவதிலிருந்து உண்பதை நோக்கி வரையப்படும்.