ஊராத்துறைக் கடலும் ஓதக் கணக்கும்

யாழ்ப்பாணத் தீவகத்தின் வரலாறு பெரும்பாலும் அரசர்களையும் கோட்டைகளையும் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயினும், கலங்கள் துறைபுகுவதை இறுதியில் தீர்மானித்தது கடலின் ஆழமேயாகும். அவ்வாழமோ நாள்தோறும் மாறும் இயல்பினது.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு இதற்குத் தக்க சான்றாகும். முதலாம் பராக்கிரமபாகுவின் (கி.பி. 1153–1186) ஆணையான இதனைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டுமென இவ்வாணை விதிக்கிறது. யானை, குதிரை ஏற்றிவரும் கலம் சேதமுறின் காற்பங்கு திறைசேரிக்கும் முக்காற்பங்கு உடையவருக்கும் உரியன. ஏனைய வணிகக் கலமாயின் இருவர்க்கும் சரிபாதி. கலச்சேதத்துக்கெனத் தனிவிதி வகுக்கப்பட்டமை, அக்கடலின் இடர்களை அரசு நன்குணர்ந்திருந்ததைக் காட்டுகிறது.

கம்பாத்து வளைகுடாவில் ஏற்றவற்று வேறுபாடு 10 மீற்றரளவை எட்டுவதுண்டு. இலங்கைக் கரைகளிலோ அது ஒரு மீற்றருக்கு உட்பட்டதே. எனினும், தீவகத்தைச் சூழ்ந்த கடல் ஆழங்குறைந்தது. மணல்திட்டுகளும் பார்களும் நிறைந்தது. இத்தகைய நீரில் ஒரு சாண் ஏற்றமும் கலத்தைத் தரைதட்டாது காக்கவல்லது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே போர்த்துக்கேயர் எழுப்பி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கடற்கோட்டை, இக்குறுகிய நீர்வழியைக் காப்பதற்கே அமைந்தது.

ஓதம் நாளொன்றுக்கு ஏறத்தாழ இருமுறை ஏறி இருமுறை வற்றும். சந்திரன் நாள்தோறும் கிழக்கே நகர்வதால், ஏற்றநேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. ஒரு நாழிகை 24 நிமிடமாதலின், இது இரண்டு நாழிகைக்குச் சற்றே மிகுந்தது. எனவே, ஒரு துறையில் அமாவாசையன்று ஏற்றம் நிகழும் நேரத்தை அறிந்தவர், ஐந்து நாள் கழிந்தபின் அது ஏறத்தாழப் பத்து நாழிகை பிந்தும் எனக் கணிக்கலாம். அமாவாசை, பௌர்ணமியை அடுத்து ஏற்றம் மிகும். அட்டமியை அடுத்துக் குறையும். இங்ஙனம் பஞ்சாங்கமே ஓத அட்டவணையாகவும் பயன்படவல்லது.

ஆயினும், இக்கணக்கு மட்டும் போதாது. கொழும்பு ஓதநேரத்தை நெடுந்தீவுக்கு அப்படியே பொருத்துதல் இயலாது; பாக்குநீரிணையின் வடிவமும் ஆழமும் ஓதத்தின் வருகையை மாற்றுகின்றன. வாடையும் சோளகமும் நீரை ஒருபுறம் ஒதுக்கி மட்டத்தை மாற்றும். ஆதலின், ஒவ்வொரு துறைக்கும் உரிய அறிவு அத்துறையில் வாழ்ந்தோரின் பட்டறிவிலேயே தங்கியிருந்தது.

1990களின் தொடக்கத்தில் போரினால் வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களின் மக்களிற் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்தனர். துறையை விட்டு நீங்கிய தலைமுறையுடன் அத்துறையைப் பற்றிய அறிவும் நீங்கும். கல்லிற் பொறித்த ஆணை எண்ணூறு ஆண்டுகள் கடந்தும் நிலைத்துள்ளது. நெஞ்சிற் பொறித்த கணக்குக்கு அவ்வாயுள் இல்லை. எஞ்சியுள்ள முதிய கடலோடிகளிடம் அதனைக் கேட்டெழுதுதல் வரலாற்று மாணவரின் உடனடிக் கடனாகும்.