ஹார்வி மில்க் வென்ற தொகுதி

அமெரிக்காவில் மக்களின் மனம் மாறிவிட்டது என்கிறார்கள். 1978இல் தன்பாலீர்ப்பாளர் ஒருவரை நாட்டின் அதிபராக்க வாக்களிப்போம் என்று கேலப் கணக்கெடுப்பில் சொன்னவர்கள் 26 விழுக்காடு. 2019இல் 76 விழுக்காடு. பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 26 விழுக்காட்டுக் காலத்திலேயே சிலர் வென்றிருக்கிறார்களே, அது எப்படி?

சான் பிரான்சிஸ்கோவில் கேமராக் கடை வைத்திருந்த ஹார்வி மில்க் 1973இல் நகர மேற்பார்வையாளர் அவைக்குப் போட்டியிட்டுப் பத்தாவதாக வந்தார். 1975இல் ஏழாவது, இன்னும் ஓர் இடம் முன்னேறியிருந்தால் வெற்றி. 1976இல் மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்றும் தோல்வி. 1977இல் வென்றார். இரண்டே ஆண்டில் நகரமே திருந்திவிடவில்லை. தேர்தல் முறை மாறியது. அதுவரை ஒவ்வோர் உறுப்பினரையும் நகரம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது. 1977இல் நகரத்தை 11 தொகுதிகளாகப் பிரித்தார்கள். மில்க்கின் மக்கள் திரண்டு வாழ்ந்த காஸ்ட்ரோ பகுதி ஒரு தொகுதிக்குள் வந்தது. அதே தேர்தலில்தான் எல்லா ஹில் ஹட்ச் என்ற கறுப்பினப் பெண்ணும் சீன வம்சாவளியினரான கோர்டன் லாவும் வென்றார்கள். 1974லேயே ஆன் ஆர்பர் நகரில் கேத்தி கோசசெங்கோ வென்றதும் ஒரு வார்டில்தான், 52 வாக்கு வித்தியாசத்தில்.

யார் வாக்கில் யார் பிரதிநிதி ஆகிறார் என்ற இந்தக் கேள்வியை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1932 செப்டம்பரில் பூனாவில் அண்ணல் அம்பேத்கரிடமிருந்து பறிக்கப்பட்டது இதுதான். இன்றும் தனித்தொகுதியில் நிற்பவர் எங்களவர்; அவரது வெற்றியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஊர்த்தெரு.

மில்க் இன்னொன்றையும் செய்தார். தன்பாலீர்ப்பு ஆசிரியர்களைப் பள்ளிகளிலிருந்து விரட்டும் ஆறாம் முன்மொழிவு 1978இல் கலிபோர்னியாவில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, ஒளிந்திருக்காதீர்கள், வீட்டில் சொல்லுங்கள், வேலையிடத்தில் சொல்லுங்கள் என்று தம் மக்களை வற்புறுத்தினார். அந்த நவம்பரில் முன்மொழிவு தோற்றது. தன் மகனும் தன் அக்காளும் அப்படித்தான் என்று தெரிந்தபின் பலருக்கு வெறுப்பது கடினமாகிறது.

இங்கேதான் எங்கள் பாதை பிரிகிறது. வாடகை வீட்டுக்காகச் சாதியை மறைக்கும் வலி எங்களுக்குத் தெரியும். ஆனால் தன்பாலீர்ப்பாளர் எந்தச் சாதி வீட்டிலும் பிறப்பார், ஆளும் வீட்டிலும் பிறப்பார். நாங்கள் சாதி இந்துவின் வீட்டில் பிறப்பதில்லை. கிராமத்தில் எங்கள் சாதி எல்லோருக்கும் தெரிந்தேதான் இருக்கிறது. தெரிந்ததால் எந்த டீக்கடையும் தானாக இரட்டைக் குவளையை உடைத்துப் போடவில்லை. (தலித் குடும்பத்திலேயே பிறக்கும் தன்பாலீர்ப்பாளரின் பாடு தனி. அதைப் பற்றி எங்கள் இயக்க மேடைகளில் இன்னும் வாய் திறக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.)

பதவியேற்று ஓராண்டு முடியுமுன், 1978 நவம்பர் 27 அன்று, மில்க்கும் மேயர் மாஸ்கோனியும் நகர மன்றத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர் டான் ஒயிட், முன்னாள் போலீஸ்காரர், அதே அவையில் உறுப்பினராக இருந்து விலகியவர். இரண்டு உயிர்களுக்கு ஏழு ஆண்டு எட்டு மாதத் தண்டனை. கீழ்வெண்மணித் தீர்ப்பைப் படித்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

1980இல் அந்த நகரம் தொகுதி முறையையே ரத்து செய்தது. 2000ஆம் ஆண்டுத் தேர்தலில்தான் அது திரும்ப வந்தது.